ஊருக்கு ஒரு மெயில்

எங்கள் ஊருக்கு ரேஷன் கடை ஒன்று, போஸ்ட் ஆபீஸ் ஒன்று, மெயில் ஒன்று. அந்த மெயில் புகழேந்தியுடையது.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். திருவாரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் குலுங்கி வந்தால் எங்கள் கடைத்தெரு. அதில் என் தையல் கடையும் புகழேந்தியின் 'தமிழ்நிலா பிரவுசிங் சென்டரும்' ஒரே சுவரின் இரண்டு பக்கம். மின்சார மீட்டரும் இரண்டுக்கும் ஒன்றுதான். அவன் பிரிண்டர் ஓடினால் என் மிஷின் விளக்கு மங்கும். அவன் கடை போட்ட நாளிலிருந்து இதற்காக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவனும் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறான். என் பெயர் நூர்ஜஹான். இந்த ஊரில் என் தையலைவிட என் வாய்க்குத்தான் பெயர் அதிகம்.

புகழேந்தி தெற்குத் தெருக்காரன். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். இவன் பி.எஸ்சி. கணக்குப் படித்தான். படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடும் வேலை பார்த்தான். மகள் பிறந்ததும் அங்கே இருப்புக்கொள்ளாமல் ஊர் திரும்பி, பழைய கம்ப்யூட்டர் இரண்டு வாங்கி, மகள் பெயரையே போர்டில் எழுதி உட்கார்ந்துவிட்டான். ஆள் ஒல்லி. எந்த அளவில் தைத்துக் கொடுத்தாலும் சட்டை தோளிலிருந்து வழியும். தர்மப்பிரபு என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வேலைக்குக் காசு வாங்குகிறவன்தான். ஆனால் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. இன்னொரு குறை, கம்ப்யூட்டர் மேல் அவனுக்கு இருந்த அசாத்திய நம்பிக்கை. எதைக் கேட்டாலும் "சிஸ்டம் பாத்துக்கும்க்கா" என்பான்.

ஊர் முழுக்க அவன் மெயிலைக் கொடுக்கும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது நீலாம்பாள் அக்கா. அவரும் தெற்குத் தெருதான். வங்கியில் கணக்குத் தொடங்க ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தார்கள். அதைப் பூர்த்தி செய்ய அவன் கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன்.

"என்னா தம்பி, இந்த எடத்துல மட்டும் ஒரு பூ போட்டிருக்கு?"

"அது ஸ்டாருக்கா. அதுல எழுதியே ஆவணும். மெயில் ஐடி கேக்குறாங்க."

"அப்புடின்னா?"

"வெலாசம் மாதிரிக்கா. லெட்டர் வர்றதுக்கு."

"அதான் மேல எழுதிட்டியே, தெற்குத் தெருன்னு."

"இது கம்ப்யூட்டர் வெலாசம்."

"எனக்கு ஏது கம்ப்யூட்டரு? ஒன் வெலாசத்தையே போடேன். எதாச்சும் வந்தா நீ சொல்ல மாட்டியா?"

"சொல்லாம என்னாக்கா" என்று எழுதிவிட்டான்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் தெருவில் நாலு பேர், அதற்கடுத்த வாரம் எங்கள் தெருவில் நாலு பேர். நானும்தான் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வங்கிக் குமாஸ்தா எங்கள் ஊர்க்காரரைப் பார்த்தாலே கேட்காமல் அந்த மெயிலைத் தானே தட்டச்சு செய்துகொள்ளும் அளவுக்கு ஆனது. புகழேந்தியும் அதை ஓர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மெயிலைத் திறப்பான். யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, வாசலில் தொங்கும் கரும்பலகையில் சாக்பீஸால் பெயர்களை எழுதுவான். பால் ஊற்றப் போகிறவர்கள் நின்று தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பெயர் இல்லாவிட்டால் சிலருக்கு வருத்தம்கூட உண்டு.

இது இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மச்சான் மீரா உசேன் விஷயம் நடக்கும்வரை. மச்சான் என்றால் என் கணவரின் அண்ணன். சவுதியில் லாரி ஓட்டிச் சேர்த்ததை வங்கியில் போட்டுவிட்டு ஊரில் ஓய்வாக இருந்தார். ஒரு நாள் கரும்பலகையில் அவர் பெயர் இருந்தது. வங்கியிலிருந்து மெயில், உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே இந்த லிங்க்கை அமுக்கி விவரம் கொடுங்கள் என்று. மச்சான் அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். புகழேந்தி அனுப்பினான். மச்சான் அமுக்கினார், கேட்டதையெல்லாம் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். வங்கியின் பெயரில் எவனோ அனுப்பிய திருட்டு மெயில் அது.

புகழேந்தி சில நாள் கடையையே திறக்கவில்லை. கடைசியில் மச்சானே அவன் வீட்டுக்குப் போய், "அமுக்குனது என் வெரலு, நீ ஏன்டா சோறு திங்காம கெடக்குற?" என்று அழைத்துவந்து உட்கார வைத்தார்.

திரும்பி வந்த புகழேந்தி வேறு ஆளாக இருந்தான். பெட்டியில் வங்கியின் பெயரைச் சொல்லி, 'உடனே', 'முடக்கம்', 'லிங்க்' என்று எது வந்தாலும், 'இது ஸ்பேம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதை அமுக்குவான். ஸ்பேம் என்றால் குப்பை மெயில்கள் போய் விழும் தனிப் பெட்டி. அதில் கிடப்பவை மாதம் ஒன்று ஆனால் தானே அழிந்துவிடும்.

"நாம அமுக்க அமுக்க அது கத்துக்கும்க்கா. அப்பறம் நாம ஒண்ணும் பண்ண வேணாம். சிஸ்டம் பாத்துக்கும்" என்றான்.

"மாட்டுக்குப் பாடம் நடத்துறவனாட்டம் பேசுறியே" என்றேன்.

"மாட்டவிட வேகமா கத்துக்கும்க்கா."

அது கற்றுக்கொண்டது. போன பங்குனியில் ஒரு நாள் காலை அவன் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் திரை முழுக்க வரிசையாக ஒரே மாதிரி மெயில்கள். எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் பெயருக்கு, எல்லாம் வங்கியின் பெயரில். ஒவ்வொன்றின் தலையிலும் 'இது ஆபத்தான மெயில்' என்று சிவப்பாக ஒரு பட்டை.

"நாப்பது இருக்குக்கா! ஒரே ராத்திரில நாப்பது திருட்டு மெயிலு. ஒண்ணுகூட உள்ள வரல பாருங்க. அத்தனையும் சிஸ்டமே புடிச்சு வெளில தள்ளிடுச்சு." அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பு அவன் மகள் பள்ளியில் முதலாவதாக வந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன். மச்சானுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டதைப் போல இருந்தான். எனக்கும் மச்சானுக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நான்தான் அவனைப் பாராட்டினேன். "பரவாயில்லயே, ஒன் மாடு காவக்காக்குதே" என்றேன். அந்த டீயை இப்போது நினைத்தாலும் தொண்டை கசக்கிறது.

அந்த நாற்பதும் உண்மையான மெயில்கள். நாங்கள் கணக்கு வைத்திருந்த அதே வங்கி அனுப்பியவை. பழைய கணக்குகளுக்கு மறுபடி அடையாளச் சான்று கொடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று எழுதியிருந்தார்கள். நாற்பது பேருக்குத் தனித்தனியாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் எல்லாம் வந்து விழுந்தது ஒரே பெட்டியில். ஒரே கடிதம், நாற்பது பெயர், எல்லாவற்றிலும் அவசரம், எல்லாவற்றிலும் ஒரு லிங்க். போதாக்குறைக்கு இந்த மாதிரி மெயில் வந்தால் திருடன் என்று புரிந்துகொள் என்று வருஷக்கணக்காக அமுக்கி அமுக்கிச் சொல்லிக் கொடுத்தவன் ஒருத்தன். அந்த இயந்திரம் வேறு என்னதான் நினைக்கும்?

இது எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது.

நீலாம்பாள் அக்காவின் மூன்று மா நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்கால் மதகை ஒட்டி மூங்கிலடி என்று ஒரு நிலம், ஒரு ஏக்கர். அக்காவும் அவர் கணவர் அரசப்பனும் கல்யாணமான புதிதிலிருந்து அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தார்கள். அரசப்பன் இறந்த பிறகும் அக்கா விடவில்லை. ஆள் வைத்து உழுது, தானே வரப்பில் அண்டை வெட்டி, சம்பாவும் உளுந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். நிலத்துக்காரர் மகன் ராஜராஜன் சிங்கப்பூரில் இருக்கிறார். அப்பா காலமான பிறகு விற்றுவிட முடிவு செய்து, சித்திரையில் விடுப்பில் வந்தார். பிளாட் போட்டு விற்கும் துரைக்கண்ணு கூடுதல் விலை சொல்லி அவர் வீட்டு வாசலிலேயே நின்றார். ராஜராஜன் ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்கப்பா காலத்துலேர்ந்து அவங்கதான் சாகுபடி. மொதல்ல அவங்களக் கேக்கணும்" என்று தெற்குத் தெருவுக்கே நடந்து போய்க் கேட்டார். நல்ல மனுஷன். பின்னால் நடந்ததை வைத்து அவரைத் தூற்ற நான் தயாராக இல்லை.

அக்கா சம்மதித்தார். சீட்டை எடுத்தார். மகள் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். தம்பிமார்கள் புரட்டிக் கொடுத்தார்கள். கிடைத்ததையெல்லாம் வாராவாரம் வங்கியில் கொண்டுபோய்க் கட்டினார். வங்கியும் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டது.

பத்திரப் பதிவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டோக்கன் கிடைத்தது. அதற்கு முன்பு அக்கா என்னிடம் ஒரு ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். அரக்கு நிறம்.

"நூரு, அங்க போட்டோ புடிப்பாங்களாமே? கழுத்த எறக்கி வெச்சிடாத. கை மட்டும் கொஞ்சம் நீளமா வையி."

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டாக்கா."

அவர் சிரித்தார். பிறகு திடீரென்று கேட்டார்: "அந்தப் பத்திரத்துல எம் பேரு வருமில்ல?"

"பின்ன என் பேரா வரும்?"

"இல்லடி, எங்க வம்சத்துல நஞ்சைப் பத்திரத்துல பேரு வந்தவங்க ஒருத்தருமில்ல. அதான் கேட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன். அந்த ரவிக்கைக்குக் கைத்தையல் போட்ட மாதிரி என் மகள் நிக்காஹ் ரவிக்கைக்குக்கூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ராஜராஜன் பெயருக்கு டிடி எடுக்க வங்கிக்குப் போனோம். துணைக்கு வா என்று அக்கா கூப்பிட்டதால் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். கவுன்டரில் ஒரு சின்னப் பெண். சிரித்த முகம். பாஸ்புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி பாஸ்புத்தகத்தைப் பார்த்தாள்.

"உங்க அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆயிருக்கும்மா."

"அப்புடின்னா?"

"பணம் போடலாம். எடுக்க முடியாது."

"போன வாரம் வரைக்கும் வாங்கிக்கிட்டீங்களே?"

"வாங்குறதுக்குத் தடை இல்லம்மா. எடுக்கறதுக்குத்தான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "நல்லாருக்கே! ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?" என்றேன். அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "மூணு தடவ மெயில் அனுப்பிருக்கோம்க்கா. எஸ்எம்எஸ்ஸும் போயிருக்கு, இந்த நம்பருக்கு" என்று எண்களைப் படித்தாள். கடைசி எண்கள் வந்தபோது அக்கா மெதுவாக, "அது அவரு நம்பரு" என்றார். அரசப்பனோடு போன நம்பர் அது.

அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சுவரில் பெரிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. 'வங்கியின் பெயரில் வரும் மெயில்களை நம்பி ஏமாறாதீர்கள்.' நான் அதைக் காட்டினேன்.

"அது திருட்டு மெயிலுக்குக்கா. இது நாங்க அனுப்புனது."

"ரெண்டுக்கும் வித்தியாசம் எப்புடிம்மா தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கிண்டலாக இல்லை, உண்மையாகவே யோசித்துவிட்டு, "அதையெல்லாம் மெயில்லயே ஃபில்டர் பண்ணிடும்க்கா" என்றாள்.

புகழேந்திக்குப் போன் செய்தேன். பைக்கில் பறந்து வந்தான். வாசலிலேயே நின்று தன் போனில் அந்த ஸ்பேம் பெட்டியைத் திறந்தான். முதல் இரண்டு மெயில்கள் மாதம் கடந்து தானாகவே அழிந்திருந்தன. மூன்றாவது கிடந்தது. நீலாம்பாள், அரசப்பன் மனைவி, கணக்கு எண் எல்லாம் சரியாக. தலையில் அதே சிவப்புப் பட்டை.

"நாந்தாங்க்கா" என்றான். "நாந்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

வங்கியில் குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் உடனே செய்தார்கள். ஆதாரை வாங்கினார்கள், ரேகை வைக்கச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். பிறகு, "ஒப்புதல் மேல எடத்துலேர்ந்து வரணும்மா. திங்கள் இல்லன்னா செவ்வாய்" என்றார்கள். மறுநாள் இரண்டாம் சனி. மேனேஜரிடம் நான் சத்தம் போட்டேன், புகழேந்தி கெஞ்சினான், அக்கா சும்மா நின்றார். மேனேஜர் மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "என் கையில இல்லம்மா. சிஸ்டம் விடாது."

சார்பதிவாளர் அலுவலக வாசலில், புங்க மரத்தடியில் ராஜராஜன் காத்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி திருச்சியில் அவருக்கு விமானம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமும் தொங்கிப்போனது. சிங்கப்பூருக்குப் போன் போட்டு விடுப்பை நீட்டிக்கக் கேட்டார். கிடைக்கவில்லை. அங்கே வாங்கிய வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு. பணம் பிறகு வரட்டும், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்றுகூடப் பத்திர எழுத்தரிடம் கேட்டார். எழுத்தர் முடியாது என்று தலையை ஆட்டினார். ராஜராஜனின் மனைவி போனில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு ராஜராஜன் எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

"அக்கா, என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க" என்று திரும்பி வந்து சொன்னார். "எனக்கு வேற வழி தெரியல."

"நீங்க என்னா பண்ணுவீங்க தம்பி" என்றார் நீலாம்பாள் அக்கா.

துரைக்கண்ணு டிடியோடு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. அலுவலகத்துக்கு எதிரிலேயே கம்ப்யூட்டரில் பத்திரத்தைத் திருத்தினார்கள். நிலத்தின் நான்கு எல்லையும் அப்படியே இருந்தன. வாங்குபவர் பெயர் இருந்த இடத்தில் மட்டும் நீலாம்பாளை அழித்துத் துரைக்கண்ணு என்று அடித்தார்கள். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். கிளம்பலாம்க்கா என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

அப்போதுதான் பத்திர எழுத்தர் எங்கள் பக்கம் பார்த்தார். "இன்னொரு சாட்சி வேணுமே. சாகுபடி பண்ணவங்களே சாட்சி போட்டா பின்னாடி ஒரு பிரச்சினையும் வராது" என்றார்.

எனக்குக் காலில் கிடந்த செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. ராஜராஜன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டார்.

"குடுங்க, போடுறேன். அந்தத் தம்பிக்கு நேரமாவுது."

ரவிக்கைக்கு உள்ளே நான் தைத்துக் கொடுத்த பையிலிருந்து ஆதாரை எடுத்துக் கொடுத்தார். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, நீலாம்பாள் என்று எழுதினார். பத்திரத்தில் அவர் பெயர் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில், சாட்சி இரண்டு என்ற இடத்தில்.

திரும்பி வந்தபோது புகழேந்தி தன் கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீலாம்பாள் அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்தவன் குமுறி அழுதுவிட்டான். நாற்பது வயது ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"அழுவாத. நானுந்தான் களையெடுக்கயில எத்தனையோ தடவ களைன்னு நெனச்சுப் பயிரப் புடுங்கிருக்கேன். எல்லாருக்கும் கைதவறி வர்றதுதான்." தோளிலிருந்து வழிந்த அவன் சட்டையை இழுத்துவிட்டார். "ஆனா அத அப்பவே திருப்பிச் சேத்துல ஊனிடுவோம். இத எங்க கொண்டுபோயி ஊனறதுன்னுதான் தெரியல."

பிரிண்டரில் யாருடைய வருமானச் சான்றிதழோ பாதி வந்து நின்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்காவின் கணக்கு திறந்துவிட்டது. பணம் முழுக்கப் பத்திரமாக இருந்தது. மகளுக்கு வளையலை மீட்டுக் கொடுத்தார், தம்பிமார்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். மெயில் வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சான்று கொடுத்துவிட்டு வந்தார்கள். ஊரில் சிலர், பணம் போகவில்லையே, அது மட்டும் நல்லது என்றார்கள். அவர்களை நான் எதுவும் சொல்லவில்லை. நானே ஆச்சரியப்படும் அளவுக்குச் சும்மா இருந்தேன். மூங்கிலடியில் துரைக்கண்ணு மண் அடித்து மேடாக்கி, வெள்ளையடித்த கல் நட்டார். மதகுக்கு முன்பாகவே வாய்க்கால் தூர்ந்துபோனது.

யாரைத் திட்டுவது என்றுதான் எனக்குப் புரியவில்லை. என்னைப் போல வாய் உள்ளவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ராஜராஜன் நல்லவர். அந்த வங்கிப் பெண் நல்லவள். மெயில் அனுப்பிய வங்கியும் சொன்னதைச் செய்தது. தடுத்த இயந்திரமும் சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. புகழேந்தியைத் திட்ட மனசு வரவில்லை. அவன் இப்போதெல்லாம் காலையில் வந்ததும் ஸ்பேம் பெட்டியில் விழுந்த ஒவ்வொன்றையும் படிக்கிறான். லாட்டரி விழுந்ததாகச் சொல்வது, எங்கோ ஒரு சீமாட்டி சொத்தை எழுதி வைத்ததாகச் சொல்வது, எதையும் அழிக்கப் பயம். எதற்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறான். "சிஸ்டம் பாத்துக்கும்" என்ற பேச்சே அவன் வாயில் இல்லை.

கடைசியில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வங்கி மேலிடத்துக்கு ஒரு புகாராவது போடலாம், எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று அக்காவை இழுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். புகார் படிவமும் கம்ப்யூட்டரில்தான். பெயர், ஊர், கணக்கு எண் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். பார்த்தால், அதே பூ. பதில் அனுப்ப மெயில் ஐடி கட்டாயம் என்று எழுதியிருந்தது.

"அக்கா, ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சுத் தரட்டுமா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஆரம்பிச்சு? அத யாரு படிக்கிறது?"

அவன் மவுஸை மறுபடி அந்தப் பூவின் பக்கம் நகர்த்தினான்.

"ஒன் வெலாசத்தையே போடு தம்பி. எனக்கு வேற எது இருக்கு?"

அவன் போட்டான். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.

அதன் பிறகு தினமும் இரண்டு பெட்டியையும் பார்த்தான். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், கடை மூடும்போது ஒரு தரம். ஆனி போய் ஆடி பிறந்து, மேட்டூர்த் தண்ணீர் மற்ற வாய்க்கால்களில் ஓடத் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலை கரும்பலகையில் ஒரே ஒரு பெயர் எழுதியிருந்தது. நீலாம்பாள். யாரோ நடவுக்குக் கூலிக்குக் கூப்பிட்டிருந்ததால் அக்கா காலில் சேறோடு, வரப்பிலிருந்து நேராக வந்தார். நானும் மிஷினை விட்டு எழுந்து போனேன்.

இந்த மெயில் ஸ்பேம் பெட்டியில் விழவில்லை. சரியான பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்புப் பட்டை எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

"படி தம்பி" என்றார் அக்கா.

இங்கிலீஷில் இருந்ததை அவன் தமிழாக்கிச் சொன்னான். "உங்க புகார விசாரிச்சோம். நீங்க குடுத்த மெயில் வெலாசத்துக்கு மூணு முறை முன்னறிவிப்பு அனுப்பப்பட்டிருக்கு. எங்க தரப்புல எந்தத் தவறும் இல்ல. உங்க புகார் முடித்து வைக்கப்பட்டது. எங்களோட சேவையப் பயன்படுத்துனதுக்கு நன்றி."

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தார். பிறகு, ஏதோ ஒரு வழி புலப்பட்டவர் போல, அவன் தோளைத் தொட்டார்.

"நல்லாப் பாரு தம்பி. இது அந்தத் திருட்டு மெயிலா இருக்கப்போவுது. வங்கி பேருல எவனாச்சும் அனுப்பியிருப்பான்."

புகழேந்தி திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். அனுப்பியவர் முகவரியில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தான். எங்கேயாவது ஒரு எழுத்து மாறியிருக்கக்கூடாதா, ஒரு புள்ளியாவது தப்பாக இருக்கக்கூடாதா என்று நானும் அவன் தோளுக்கு மேலே குனிந்து, அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

"இல்லக்கா" என்றான். "இது உண்மையான மெயிலுதான்."